பூமி பூஜைக்கும் ரிப்பனுக்கும் நடுவில்: வேலூர் மாவட்ட எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள்.

பொருள்: தொகுதி நிதி, தொகுதிச் செய்தி ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் தெரிவிக்கக் கோருதல்.

ஐயா, அம்மா, வணக்கம்.

பெறுநர், பொருள் என்று ஆரம்பித்தது பழக்கதோஷம். இந்த மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று நாள் முழுக்க அடுத்தவர் குறையை என் கையெழுத்தில் எழுதுகிறேன். இது என் சொந்தக் கணக்கில் எழுதும் மனு. உங்களில் யார் ஆளுங்கட்சி, யார் எதிர்க்கட்சி என்று பார்த்து எழுதவில்லை. தேர்தல் வரும், ஆள் மாறும். நாற்காலிக்கு எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரோடு கேட்கவில்லை, பாலம் கேட்கவில்லை. ஒரு தாள் கேட்கிறேன். இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு ஏ4 தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். தொகுதிக்கு வந்த பணம் எவ்வளவு, எந்த வேலைக்குப் பரிந்துரைத்தீர்கள், அது இப்போது யார் மேசையில் இருக்கிறது, எது நின்றுபோனது, ஏன் நின்றது. இவ்வளவுதான் அதில் வேண்டும்.

இப்போதும் செய்தி வராமல் இல்லை. பூமி பூஜை போட்டால் அன்று சாயங்காலமே போனில் படம் வந்துவிடுகிறது. மஞ்சள் குங்குமம் வைத்த செங்கல், பூ சுற்றிய கடப்பாரை, பின்னால் வேட்டி மடித்துக் கட்டிய பத்துப் பேர். திறப்பு விழா என்றால் ரிப்பன், தாம்பாளத்தில் கத்திரிக்கோல், பொன்னாடை. இந்த இரண்டு படத்துக்கும் நடுவில் எட்டு மாதமோ மூன்று வருஷமோ ஓடியிருக்கும். அதைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடையாது. பூஜை போட்டு ரிப்பனே வெட்டாத வேலைகளும் உண்டு, அவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனு எழுத என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான்.

அந்த நடுவில் என்னென்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொகுதி மேம்பாட்டு நிதியில் எம்.எல்.ஏ. கைக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைத்து எழுதிக் கொடுக்கிறார். மாவட்ட ஆட்சியர், ஊரக வளர்ச்சி முகமை வழியாக, நிர்வாக அனுமதி கொடுக்கிறார். பொறியாளர் எஸ்டிமேட் போடுகிறார், தொழில்நுட்ப அனுமதி வாங்குகிறார். அப்புறம் டெண்டர், வொர்க் ஆர்டர், வேலை, முடிந்த வேலையின் அளவை எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் பதிவது, பில். கிராமம் என்றால் ஒன்றியம், டவுன் என்றால் நகராட்சியோ மாநகராட்சியோ இந்த வேலையை நடத்தும். இதில் எந்தப் படியிலும் வண்டி நிற்கலாம். ஆனால் ஊரில் என்ன பேச்சு? "எம்.எல்.ஏ. துட்ட வாங்கி வெச்சிக்கினு செய்ய மாட்டேன்றாரு." இந்தப் பேச்சு உங்களுக்கு நியாயமா? இல்லை. ஆனால் அதை மாற்றக்கூடிய தகவல் உங்களிடம்தான் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

ஒரு கிராமத்தின் கதை சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கன்வாடி வாடகைக் கட்டடத்தில் நடந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நம் ஊர் மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும், பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து வந்து மனு எழுதச் சொன்னார்கள். "சொந்தக் கட்டடம் கட்ட நிதி ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுத்தார்கள். பதில் வந்தது: "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்." மறுபடி எழுதினோம். மறுபடியும் அதே பதில், தேதி மட்டும் வேறு. இப்படியே போனது.

கடைசியில் அந்த ஊர்ப் பையன் ஒருவன், கல்லூரியில் படிக்கிறவன், பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டான். முப்பது நாளில் வர வேண்டிய பதில் மேல்முறையீடு போட்ட பிறகுதான் வந்தது. அதில் இருந்தது இதுதான்: அந்த அங்கன்வாடிக்கு ஏற்கெனவே தொகுதி நிதியில் பரிந்துரை ஆகி, அனுமதியும் ஆகியிருக்கிறது. "உரிய இடம் தேர்வு செய்யப்படாததால்" பணி ரத்தாகி, பணம் வேறொரு ஊரில் வேறொரு வேலைக்குப் போய்விட்டது. குழுத் தலைவிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "இன்னாது, இடம் இல்லன்னா போச்சு? மாரியம்மன் கோயிலாண்ட நத்தம் பொறம்போக்கு சும்மாதான கீது. எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா காட்டியிருப்பமே" என்றார். கோபப்படவில்லை. தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது பணம். பணம் வந்து, இருந்து, போயே விட்டிருந்தது. தேவைப்பட்டது நாலு சென்ட் இடம். அதையும் கொடுக்க ஊர் தயாராக இருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எழுத்தில் ஒரு வரி, "இந்த ஊர் அங்கன்வாடிக்கு அனுமதி தயார், இடம் தேவை" என்று எங்காவது ஒட்டியிருந்தால் அந்தக் கட்டடம் இன்று நின்றிருக்கும்.

பணம் எவ்வளவு என்பதையும் பேசிவிடலாம். தொகுதி நிதி ஆண்டுக்கு இரண்டரைக் கோடியாக இருந்தது, 2019-க்குப் பிறகு 3 கோடி. உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 15 கோடி, ஐந்து வருஷத்துக்கு 75 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு தொகுதிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். தலைக்கு 150 ரூபாய்கூடத் தேறாது. அதிலும் ஒரு பகுதியை அரசு சொல்லும் வகை வேலைகளுக்குத்தான் செலவு செய்ய வேண்டும். ஒப்பந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் வேறு. கோயில், மசூதி, சர்ச்சுக்குள் இந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. தனியார் இடத்திலும் முடியாது. இந்த எல்லையெல்லாம் தெரிந்தால் ஜனங்கள் கேட்கிற விதமே மாறும். என்னிடம் வந்து, "எம்.எல்.ஏ. நிதில கோயில் கோபுரம் கட்ட மனு எழுதுங்க" என்பவர்களுக்கு நானே இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இன்னொரு குழப்பம், எந்தப் பணம் எதிலிருந்து வருகிறது என்பது. எங்கள் தெருவில் ஒரு சிமெண்ட் ரோடு போட்டால் அது எம்.எல்.ஏ. நிதியா, எம்.பி. நிதியா, நிதிக் குழு மானியமா, அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டமா, நூறு நாள் வேலைத் திட்டமா, முதல்வரின் கிராமச் சாலைகள் திட்டமா என்று யாருக்குத் தெரியும்? மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் போட்டால் மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்த ஊர்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொள்கின்றன. தெரியாத ஊர்கள் மனு எழுதிக்கொண்டிருக்கின்றன. வேலை நடந்த இடத்தில் தகவல் பலகை வைக்க வேண்டும் என்று இருக்கிறது, வைக்கிறார்கள். கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உங்கள் பெயர் ஒரு சாண் உயரத்தில் இருக்கும். மதிப்பீட்டுத் தொகை விரல் அளவில் இருக்கும். 'பணி தொடங்கிய நாள்' நிரப்பியிருக்கும். 'பணி முடிந்த நாள்' என்ற இடம் காலியாக இருக்கும், ரோட்டில் வண்டி ஓட ஆரம்பித்து இரண்டு மழை பார்த்த பிறகும் காலியாகவே இருக்கும்.

2022-இல் நம் வேலூர் டவுனில், நிறுத்தி வைத்திருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தைச் சுற்றியே சிமெண்ட் ரோடு போட்டார்கள். நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடிபம்பை எடுக்காமல் அதன்மேலேயே கால்வாய்க்கு கான்கிரீட் போட்ட படம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரியில் அவசர அவசரமாக வேலை நடக்கும்போது அந்தத் தெருக்காரர் ஒருவர் எழுந்துவந்து பார்த்திருந்தால் யாரைக் கூப்பிடுவார்? எந்தத் திட்டம், எந்த கான்ட்ராக்டர், எந்தப் பொறியாளர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "உங்கள் வார்டில் இந்த மாதம் நடக்கப்போகும் வேலைகள், கேட்க வேண்டிய அலுவலக எண்" என்று ஒரு பட்டியல் டீக்கடைச் சுவரில் இருந்தால் வேலூர்க்காரன் விட்டிருப்பானா? அதுவும் மாநகராட்சியின் 60 வார்டுகளும் ஒரே தொகுதியில் இல்லை. காட்பாடிப் பக்கம் ஒரு எம்.எல்.ஏ., கோட்டைப் பக்கம் இன்னொரு எம்.எல்.ஏ. தன் எம்.எல்.ஏ. யார் என்றே குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்கும் தாளின் முதல் வரியில் உங்கள் தொகுதிக்குள் வரும் வார்டுகளையும் ஊராட்சிகளையும் போட்டாலே பெரிய உபகாரம்.

இப்போது அணைக்கட்டு உறுப்பினருக்குத் தனியாகச் சில வார்த்தை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. பிரேதப் பரிசோதனை முடித்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், மேலே போக வழி இல்லாமல் பாதியில் இறக்கிவிட்டது. தாய் அந்த உடலைக் கையில் சுமந்துகொண்டு மலை ஏறினார். அதற்கப்புறம் அதிகாரிகள் வந்தார்கள், எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள், கேமராக்கள் வந்தன, சாலை போடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

மலைச்சாலை என்பது நீங்கள் பரிந்துரைத்து அடுத்த மாதம் ஜல்லி கொட்டுகிற சமாச்சாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். குறுக்கே இருப்பது வனத்துறை நிலம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2), சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் என்று 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை எளிதாகக் கொடுக்க வழி செய்கிறது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. நாலு மீட்டர் அகலச் சாலை என்றால் இரண்டரை கிலோமீட்டரிலேயே ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். அதற்கு மேல் நீளம் வேண்டுமென்றால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் அனுமதி, மாற்று நிலம், மரம் வளர்க்கப் பணம் என்று கோப்பு பெரிதாகும். ஏன் இத்தனை காலம் ஆகிறது என்பதற்கு நியாயமான காரணம் இதில் இருக்கிறது. மலையில் இருப்பவர்களிடம் இதை யார் சொன்னார்கள்?

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மூன்று மலை ஊராட்சிகள் உங்கள் தொகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து ஒருவர் கீழே இறங்கி என் மேசைக்கு வந்து மனு எழுதி, கொடுத்து, திரும்பி ஏற ஒரு நாள் கூலி போகிறது. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு வரி வீதம் எழுதுங்கள்: எத்தனை கிலோமீட்டர், எந்த அனுமதி வந்தது, எது வரவில்லை, அடுத்து யார் கையெழுத்து. அவர்கள் மனு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுவார்கள். என் வரும்படி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

கிராம சபை என்றதும் ஞாபகம் வருகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. உங்கள் மடல் அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தால், சபையில் பேச ஏதாவது விஷயம் இருக்கும். இப்போது வரவு செலவைப் படித்து, கையெழுத்து வாங்கி, கலைந்துவிடுகிறார்கள்.

ஆற்றுப் பக்கத்துக்கு வருகிறேன். தண்ணி இல்லாத ஆறு என்று நம் ஊரை வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு வந்து எல்லோர் வாயையும் அடைத்தது. தரைப்பாலங்கள் போயின, விரிஞ்சிபுரம் தரைப்பாலமும் அதில் ஒன்று. குடியாத்தத்தில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்யா ஆறு ஊருக்குள் வந்தது. அதற்கப்புறம் ஆற்றங்கரையில் பல காலமாக இருந்த வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்தார்கள். ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு தொகுதி, அந்தக் கரை இன்னொரு தொகுதி என்று இருக்கும் இடங்களில் பாலத்தைப் பற்றி யார் எழுதுவது? இரண்டு பேரும் எழுதுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. குடியாத்தம் உறுப்பினர், கரையிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களில் எத்தனை பேருக்கு மாற்று வீடு கிடைத்தது, எத்தனை பேருக்குப் பாக்கி என்று வார்டு வாரியாக ஒரு கணக்குப் போட வேண்டும். வீடு கிடைத்தவர் மனு எழுத வருவதில்லை, கிடைக்காதவர்தான் வருகிறார். அதனால் என் மேசையில் இருந்து பார்த்தால் ஒருவருக்கும் கிடைக்காத மாதிரி தெரியும். உண்மை அப்படி இருக்காது. அதை உங்களால்தான் சொல்ல முடியும்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறான். அந்த ஊர் மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒரு செய்தி மடல் அனுப்புகிறாராம். ஒருநாள் போனில் ஒன்றைத் தமிழில் சொல்லிக் காட்டினான். அவர்களுக்கு நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட் முடிந்ததும், சாலைக்கு 'சாப்டர் 90' என்கிற கணக்கில் இந்த ஊருக்கு இவ்வளவு, பள்ளிக்கு 'சாப்டர் 70' கணக்கில் இவ்வளவு என்று ஊர் ஊராகத் தொகை. கீழே நூலக நேரம், ரத்ததான முகாம், எந்தத் தெருவில் குழாய் மாற்றுகிறார்கள் என்று உள்ளூர் விஷயம். அங்கேயும் அரசியல்வாதி அரசியல்வாதிதான், தன் சிரித்த படத்தை மேலே போட்டுத்தான் அனுப்புகிறார். போட்டுக்கொள்ளட்டும். படத்துக்குக் கீழே கணக்கு இருக்கிறதே. நீங்களும் படம் போட்டுக்கொள்ளுங்கள், தபால்தலை அளவு என்றால் இடம் மிச்சமாகும்.

உள்ளூர் விஷயம் என்று சொன்னேன். நம் தாளின் இரண்டாம் பக்கத்தில் அதைப் போடலாம். கல்யாணத்துக்குப் போனது, காதுகுத்துக்குப் போனது, பிறந்தநாள் வாழ்த்து, இதெல்லாம் வேண்டாம். அம்முண்டி கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை எப்போது தொடங்கும், கரும்புப் பணம் எந்தத் தேதி வரை பட்டுவாடா ஆகியிருக்கிறது என்று போடுங்கள், காட்பாடி பக்கத்து விவசாயி அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவார். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்களுக்குக் கால்நடைத் தடுப்பூசி முகாம் தேதி வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விவசாயிக்கு என்ன பயன், யாரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று இலவம்பாடியிலேயே கேட்கிறார்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எந்த வழியில் பஸ் திருப்பி விடுவார்கள், குடிநீர் எங்கே வைப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லலாம். காவிரிக் கூட்டுக்குடிநீர் எந்த வார்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எந்த அரசியல் செய்தியையும்விட அதிகம் பேரால் படிக்கப்படும். அப்துல்லாபுரம் விமான நிலையம் பற்றியும் எழுதுங்கள். அது உங்கள் கையில் இல்லை, ஒன்றிய அரசு சமாச்சாரம் என்றால் அப்படியே எழுதுங்கள். பல வருஷமாக 'விரைவில்' என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு அந்த ஓடுபாதையில் ஆடு மேய்க்கலாமா என்று தோன்றுகிறது.

சட்டமன்றத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள். எந்தத் துறை மானியக் கோரிக்கையில் பேசினீர்கள், தொகுதிக்கு என்ன கேட்டீர்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார். "ஆவன செய்யப்படும்" என்று சொல்லியிருந்தால் அதையும் போடுங்கள், எங்களுக்கும் அந்தப் பதில் நன்றாகவே பழக்கம்.

இதற்கு நீங்கள் என்ன மறுப்புச் சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. உங்கள் அலுவலகத்தில் இருக்கும் தம்பிகளிடம் பேசியதில் கேட்டதுதான். முதலாவது, "நடக்காததை எழுதிக் கொடுத்தால் எதிர்க்கட்சிக்காரன் அதையே நோட்டீஸ் அடிப்பான்." அடிப்பான். ஆனால் நடக்காத வேலை நடக்கவில்லை என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். அங்கே கல் இல்லை, மண் இல்லை. தெரியாதது காரணம் மட்டும்தான். காரணத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அவன் சொல்வான்.

இரண்டாவது, "அந்தத் தெருவுக்குப் பத்து லட்சம், நமக்கு ரெண்டு லட்சமா என்று சண்டை வரும்." இது உண்மையான பயம், நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கடை எந்தத் தெருவில் வருவது என்று இரண்டு தெருக்காரர்கள் மல்லுக்கட்டி, கட்டடமே வராமல் போன ஊர் எனக்குத் தெரியும். காலனிக்கும் ஊருக்கும் நடுவில் வந்த சண்டை என்றால் இன்னும் கஷ்டம். ஆனால் ரகசியமாகக் கொடுத்தாலும் அந்தச் சண்டை வரத்தான் செய்கிறது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் அசிங்கமாக வருகிறது. ஐந்து வருஷக் கணக்கு கண்முன் இருந்தால், "போன வருஷம் காலனிக்குக் குடிநீர்த் தொட்டி, இந்த வருஷம் உங்களுக்கு சிறுபாலம்" என்று நீங்களே காட்டலாம். காட்ட முடியாத மாதிரி பங்கீடு இருந்தால், அந்தச் சண்டை வர வேண்டிய சண்டைதான்.

மூன்றாவது, "யார் சார் இதையெல்லாம் படிக்கப் போறான்?" வாருங்கள், என் மேசைப் பக்கம் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். தனக்கு வந்த அரசாங்கப் பதிலை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களைப் பார்க்கலாம். ஒருவர் சரியாகப் படிக்கவில்லையோ என்று இன்னொருவரிடம் கொடுப்பார்கள். தன் ஊர்ப் பெயர் இருக்கிற தாளை ஜனங்கள் தூக்கிப் போடுவதில்லை.

செலவு பெரிதாக ஆகாது. ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூலகம், பஸ் ஸ்டாண்டு என்று ஒட்டினால் சில ஆயிரம் தாளில் தொகுதி முடிந்துவிடும். ஒரு திறப்பு விழா பேனர் செலவில் பாதிகூட ஆகாது. போனில் அனுப்ப வேறு தனியாக ஆள் வேண்டுமா, கட்சிக்காரர்கள் குரூப் வைத்திருக்கிறார்களே. படிக்கத் தெரியாதவர்களுக்காக யாராவது ஒருவர் படித்துப் பதிவு செய்து அனுப்பலாம். பேரணாம்பட்டிலும் வேலூர் டவுனிலும் உருதுவில் ஒரு பக்கம் வேண்டும். ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கில் கேட்பார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால், அந்தந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு டீ கூடக் கேட்காமல் செய்து கொடுப்பார்கள்.

ஒன்று மட்டும். தாளை எழுதும் வேலையைக் கட்சி ஆபீசில் விடாதீர்கள். அங்கே விட்டால் "மாண்புமிகு", "பொற்கரங்களால்" என்று ஆரம்பித்து, தொகைக்கு இடம் இல்லாமல் போய்விடும். தொகுதி அலுவலகத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர், ஊரக வளர்ச்சி முகமையிலிருந்து மாத அறிக்கையை வாங்கி, ஊர், வேலை, தொகை, படி, தாமதக் காரணம் என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்பினால் முடிந்தது. புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. அந்தப் பதிவெல்லாம் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே இதை வெளியிட வேண்டும் என்றுதான் அலுவலகங்களுக்குச் சொல்கிறது.

என் அப்பா காலத்தில் திருவண்ணாமலைக்காரரும் வேலூருக்கு வந்துதான் கலெக்டரைப் பார்க்க வேண்டும். 1989-இல் வட ஆற்காடு இரண்டானது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்து வேலூர் மூன்றானது. அலுவலகம் கிட்டே கிட்டே வந்துவிட்டது, நல்லதுதான், பஸ் காசு மிச்சம். தகவல் மட்டும் பழைய தூரத்திலேயே இருக்கிறது.

முதல் மடலில் எல்லாம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்று விஷயம் இருந்தால் போதும். ஒன்று, இந்த நிதியாண்டின் 3 கோடிக்கு நீங்கள் பரிந்துரைத்த வேலைகள், ஊர் பெயரோடு. இரண்டு, ரத்தான வேலைகளும் அதற்கான காரணமும். மூன்றாவது, 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் எழுதி, தொகுதியில் நீண்ட நாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னாரே, அந்தப் பத்து எவை, அவற்றில் எத்தனை முடிந்தன. அப்போதைய உறுப்பினர் வேறு ஒருவராக இருந்தாலும் பட்டியல் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும், ஒரு நகல் வாங்குவது உங்களுக்குக் கஷ்டமில்லை. எங்களுக்கென்றால் பத்து ரூபாய் ஸ்டாம்பும் முப்பது நாளும்.

அடுத்த கிராம சபைக்கு முன்னால் வந்தால் நல்லது. என் மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம், கட்டட உரிமையாளரிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுபவன்,
வேலூர் மாவட்டம்.